26 வார வேலையின்மைப் பணம் முடியப்போகிறது: அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) நீட்டிக்கும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: வணக்கம். என் தம்பி கலிஃபோர்னியாவில் சன்னிவேல் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தான். லே-ஆஃபில் வேலை போய்விட்டது. கிரீன் கார்டு இருக்கிறது. வேலையின்மைப் பணம் வாரம் 450 டாலர் வருகிறது. 23 வாரம் வாங்கிவிட்டான், இன்னும் மூன்றுதான் பாக்கி. "காங்கிரசில் மசோதா வந்துவிட்டது, பழையபடி 99 வாரம் ஆக்கப்போகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, பதிவு செய்ய லிங்க்கும் இருக்கிறது. காத்திருக்கலாமா? ஒரு கடையில் பகுதிநேர வேலை கிடைக்கிறது. அதில் சேர்ந்தால் மிச்சமுள்ள மூன்று வாரமும் போய்விடும் என்று பயப்படுகிறான்.

பதில்: லிங்க்கைத் தொட வேண்டாம். நீட்டிப்பு வரும் என்று நம்பி வாடகைக் கணக்குப் போடவும் வேண்டாம். பகுதிநேர வேலையில் தாராளமாகச் சேரலாம். அதனால் பணம் போகாது, இன்னும் சில வாரம் நீண்டு வரும்.

பகுதிநேர வேலையை முதலில் பார்த்துவிடுவோம், பயம் அதில்தான் இருக்கிறது. "26 வாரம்" என்று எல்லாரும் சொன்னாலும், மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி. வைத்திருப்பது வாரக் கணக்கு அல்ல, பணக் கணக்கு. 450 பெருக்கல் 26, மொத்தம் 11,700 டாலர். அதில் உங்கள் தம்பிக்கு இன்னும் 1,350 இருக்கிறது. கலிஃபோர்னியா விதிப்படி, வாரச் சம்பளம் 100 டாலரைத் தாண்டினால் அதில் கால்பங்கைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 100 வரை என்றால் முதல் 25 டாலரை விட்டுவிடுவார்கள். கடையில் வாரம் 300 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 தள்ளுபடி, 225 கழியும், இ.டி.டி. 225 தரும். கைக்கு வருவது 525. இருப்பில் குறைவது 225 மட்டும். ஆக மூன்று வாரத்தில் தீர வேண்டிய 1,350 டாலர் ஆறு வாரம் வரும். சம்பளம் வாரம் 600ஐத் தொட்டால்தான் அந்த வாரத்துக்கு இ.டி.டி. பணம் பூஜ்யமாகும். அப்போதும் இருப்பு அப்படியே நிற்கும்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். தகுதி தொடர்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிக்கும் படிவத்தில், வேலை பார்த்த வாரத்தின் சம்பளத்தை அந்த வாரத்துக்கே எழுத வேண்டும். சம்பளம் கைக்கு வந்த தேதியைப் பார்க்கக் கூடாது. வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையை எழுத வேண்டும். பலர் வங்கிக்கு வந்த நிகரத் தொகையைச் சம்பள நாளன்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். முதலாளி அனுப்பும் கணக்கும் இவர்கள் எழுதியதும் பொருந்தாமல் போனால் அதிகப்படிப் பணம் என்று நோட்டீஸ் வரும். வேண்டுமென்றே மறைத்ததாகத் தீர்மானித்தால் அதன்மேல் 30 சதவீத அபராதமும், சில வாரங்களுக்குத் தகுதிநீக்கமும் சேரும்.

இப்போது காங்கிரஸ்.

இதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். 1970இல் வந்த சட்டப்படி நிரந்தரமான நீட்டிப்பு ஒன்று உண்டு: 13 வாரம், சில மாநிலங்களில் கூடுதலாக ஏழு. செலவு மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி. மாநிலத்தில் வேலையின்மைப் பணம் வாங்குவோர் விகிதம் 5 சதவீதத்தை எட்டி, முந்தைய இரண்டு ஆண்டுகளின் இதே கால சராசரியைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இது தானாக இயங்கும். மொத்த வேலையின்மை 6.5 சதவீதம் என்ற மாற்று அளவையும் மாநிலங்கள் சேர்த்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் கடைசியாக இது ஓடியது கோவிட் காலத்தில், 2021 செப்டம்பர் 11 வரை. மாநிலத்தின் மொத்த வேலையின்மை 2025இல் 5.5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பணம் வாங்குவோர் விகிதம் அதில் பாதிகூட இல்லை. டெக் துறை மட்டும் ஆட்டம் கண்டால் இந்தச் சட்டம் அசையாது.

இரண்டாவது, நெருக்கடி வந்தபோதெல்லாம் காங்கிரஸ் தனியாக நிறைவேற்றிய தற்காலிகச் சட்டங்கள். அந்த 99 வாரம் இங்கிருந்து வந்ததுதான். 2008 ஜூனில் புஷ் கையெழுத்திட்ட திட்டம் 13 வாரத்தில் தொடங்கியது. அப்போது தேசிய வேலையின்மை 5.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதையும் கவனியுங்கள். விகிதத்தின் உயரத்தைவிட அது போகும் வேகம்தான் காங்கிரசை உலுக்குகிறது. பிறகு நான்கு அடுக்குகளாகி 53 வாரம் ஆனது. வழக்கமான 26, மேலே சொன்ன நிரந்தர நீட்டிப்பின் 20, இந்த 53 எல்லாம் சேர்ந்து 99. அதுவும் வேலையின்மை மிக அதிகமாக இருந்த மாநிலங்களில் மட்டும். 2012 பிப்ரவரிச் சட்டம் இதைச் சுருக்கியது. 2013 டிசம்பர் 28 அன்று மொத்தமாக நின்றது. ஒரே நாளில் 13 லட்சம் பேருக்குப் பணம் நின்றது, வாங்கிக்கொண்டிருந்த அடுக்கை முடிக்கக்கூட விடவில்லை. அந்த மாதம் தேசிய வேலையின்மை 6.7 சதவீதம். 2025இல் கலிஃபோர்னியாவில் இருந்ததைவிட மோசமான நிலையிலேயே நிறுத்தினார்கள்.

சண்டை எதைப் பற்றி? வெளியில் கேட்கும் வாதம் "பணம் கொடுத்தால் வேலை தேடமாட்டார்கள்" என்பது. எதிர்வாதம், ஒரு காலியிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து பேர் நின்ற 2010இல் தேடி என்ன பயன் என்பது. ஆனால் மசோதாக்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் செலவுக் கணக்குதான். இதை அவசரச் செலவாகக் கருதிக் கடனில் சேர்க்கலாம் என்பது ஜனநாயகக் கட்சி நிலைப்பாடு. வேறு எங்காவது வெட்டி ஈடுகட்டு என்பது குடியரசுக் கட்சி நிலைப்பாடு. இதற்கு மேல், 100 பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து இறுதி ஓட்டெடுப்புக்குப் போகவே 60 ஓட்டு வேண்டும்.

2010 கோடையில் நடந்ததைப் பார்த்தால் இது எப்படி இயங்குகிறது என்று புரியும். ஜூன் 2 அன்று திட்டத்தின் கெடு முடிந்தது. செனட்டில் பலமுறை ஓட்டெடுத்தும் 60 வரவில்லை. ஜூன் 28 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ராபர்ட் பேர்ட் இறந்தார், ஒரு இடம் காலி. ஜூலை 20 அன்று அந்த இடத்துக்கு கார்ட் குட்வின் பதவியேற்றார். ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ் இருவரும் மற்றக் குடியரசுக் கட்சியினரோடு போகாமல் ஆதரவாக ஓட்டளித்தனர். 60க்கு 40. ஜூலை 22 அன்று ஒபாமா கையெழுத்திட்டார், 34 பில்லியன் டாலர். இடையில் ஏழு வாரம் சுமார் 25 லட்சம் பேருக்குப் பணம் இல்லை. பிறகு ஜூன் 2 முதல் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். வாடகையை யாரும் முன்தேதியிட்டு வாங்கிக்கொள்வதில்லையே.

2014இல் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. செனட்டர்கள் ஜாக் ரீட், டீன் ஹெல்லர் இருவரும் கட்சி தாண்டிக் கொண்டுவந்த ஐந்து மாத நீட்டிப்பு ஏப்ரல் 7 அன்று செனட்டில் 59க்கு 38 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் ஜான் பேய்னர் அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை. இத்தனை மாதம் பின்னோக்கிக் கணக்குப் போடுவது கஷ்டம் என்று மாநிலத் துறைகளின் கூட்டமைப்பு எழுதிய கடிதம் அவருக்கு வசதியாக அமைந்தது.

ஆகவே "மசோதா வந்துவிட்டது" என்ற செய்திக்கு மதிப்பே இல்லை. ஒரு உறுப்பினர் நினைத்தால் மசோதா தாக்கல் செய்யலாம். இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும், மாநிலம் மத்திய தொழிலாளர் துறையோடு ஒப்பந்தம் போட வேண்டும், பிறகு இ.டி.டி.யின் கணினி அதற்கு மாற வேண்டும். இந்தக் கடைசிப் படியைக் குறைத்து எடைபோடாதீர்கள். 2020 மார்ச்சில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாரம் கூடுதலாக 600 டாலர் என்று வைத்ததற்குக் காரணமே, ஆளுக்கு ஆள் சம்பள விகிதம் கணக்கிட மாநிலங்களின் பழைய கணினிகளால் முடியாது என்பதுதான். செய்தி உண்மையா என்று பார்க்க ஒரு வழி: இந்த நீட்டிப்புகள் தனி மசோதாவாக ஜெயிப்பது அபூர்வம். 2010 டிசம்பரில் புஷ் கால வரிச்சலுகையோடும், 2012இல் சம்பள வரிக் குறைப்போடும், 2020, 2021இல் கோவிட் நிவாரணத்தோடும் ஒட்டிக்கொண்டுதான் வந்தன. பெரிய மசோதா எதுவும் ஓடாத நேரத்தில் இந்த வதந்தி வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மாநிலமே கூட்டித் தரக்கூடாதா என்று கேட்கலாம். அதிகபட்ச 450 டாலர் 2005இலிருந்து மாறவில்லை. ஆளொன்றுக்கு முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டும் வரி வசூலிக்கும் நிதி அது. கோவிடில் காலியாகி, மத்திய அரசிடம் சுமார் 20 பில்லியன் டாலர் கடனில் நிற்கிறது. அங்கிருந்து எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி உங்கள் தம்பி செய்ய வேண்டியது. இருப்பு தீர்ந்ததும் விண்ணப்பத்தை மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். விண்ணப்பம் தொடங்கிய தேதியிலிருந்து 52 வாரம் அது உயிரோடு இருக்கும். அந்தத் தேதி இ.டி.டி. முதலில் அனுப்பிய தொகை அறிவிப்பில் இருக்கும், குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் செலவழியாத பணம் அதோடு காலாவதியாகிவிடும். இணையக் கணக்கில் சான்றளிக்க வாரங்கள் தெரியும்வரை, பணம் வராவிட்டாலும் சான்றளிக்கட்டும். தெரியாமல் போனாலும் தேதி, நிறுவனம், பதவி, எப்படி விண்ணப்பித்தான், என்ன பதில் என்று வாரவாரம் எழுதி வைக்கட்டும். முன்தேதியிட்டுப் பணம் வந்த காலங்களில், விட்டுப்போன வாரங்களுக்கும் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டுகளும், முதலாளி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவமும் கையில் இருக்க வேண்டும். நிரந்தர நீட்டிப்பில் அடிப்படைக் காலத்தில் (தொகையைக் கணக்கிட எடுத்துக்கொண்ட முந்தைய சம்பளக் காலத்தில்) போதிய அளவு வேலை பார்த்ததையும் நிரூபிக்க வேண்டும்.

அந்த நீட்டிப்பு ஒருநாள் இயங்கினாலும், அதில் வேலை விதி கடுமை. சொந்தத் துறையில் விரைவில் வேலை கிடைக்கும் வாய்ப்பைக் காட்ட முடியாவிட்டால், வாரப் பணத்தைவிடக் கூடுதலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமலும் தரும் எந்த வேலையையும் மறுக்க முடியாது. மென்பொருள் பொறியாளர் என்ற சலுகை அங்கே எடுபடாது.

52 வாரம் முடிந்தபின் புது விண்ணப்பம் போட, இடையில் வேலை பார்த்துச் சம்பாதித்திருக்க வேண்டும். கடை வேலை அங்கேயும் உதவும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. குறைந்த சம்பளத்தை வைத்துப் புதுத் தொகை போட்டால் 450 என்பது 150 ஆகிவிடக்கூடும். 2010இல் பகுதிநேர வேலைக்குப் போனவர்கள் இப்படித்தான் அடிபட்டார்கள். புதுத் தொகை 100 டாலரோ 25 சதவீதமோ குறைந்தால் பழைய தொகையிலேயே தொடரலாம் என்று அந்த ஜூலைச் சட்டத்தில் வழி செய்ய வேண்டிவந்தது. அது அந்தத் திட்டத்தோடு முடிந்துபோனது. இதற்காகக் கடை வேலையை விடச் சொல்லமாட்டோம். இன்றைய 525 டாலர் உறுதியானது.

அடுத்தது, லே-ஆஃப் ஆகி இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகாதவர்களுக்கு. காங்கிரசை நம்பாத ஒரு நீட்டிப்பு கலிஃபோர்னியாவில் உண்டு: அங்கீகரித்த பயிற்சியில் இருப்பவருக்கான பயிற்சி நீட்டிப்பு. 16ஆவது வாரப் பணத்தை வாங்குவதற்கு முன்பே பயிற்சி பற்றி இ.டி.டி.யிடம் கேட்டுப் பதிவாக வேண்டும். உங்கள் தம்பிக்கு அது கடந்துவிட்டது. பயிற்சித் திட்டத்தில் அனுமதி கிடைத்தால், மிச்சமுள்ள வாரங்களில் வேலை தேடும் நிபந்தனையிலிருந்து மட்டும் விலக்குக் கிடைக்கும். இணையத்தில் தேடினால் இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தோருக்கான வர்த்தக உதவித் திட்டமும் கண்ணில் படும். 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்கு அதில் வழியில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிரீன் கார்டு இருப்பதால் இவ்வளவும் பொருந்தும். எச்-1பி விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக இந்தப் பணமே கிடைக்காது. எந்த முதலாளியிடமும் உடனே சேரத் தயார் என்று காட்ட முடியாததே காரணம். அவர்களுக்கு, வேலை போனபின் வேறு வழி தேடிக்கொள்ளக் கிடைக்கும் 60 நாள் கெடுதான் முதல் கவலை.

இன்னும் இரண்டு. இந்தப் பணத்துக்குக் கலிஃபோர்னியா வரி இல்லை, மத்திய வரி உண்டு. 10 சதவீதம் பிடிக்கச் சொல்லியிருக்காவிட்டால் 11,700 டாலரும் ஜனவரியில் 1099-ஜி என்ற வரிப் படிவமாக வந்து நிற்கும், அதற்காக ஒதுக்கி வைக்கட்டும். மாநிலக் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியா மூலம் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், பணம் நின்ற வாரமே வருமான மாற்றத்தைப் பதிவு செய்யட்டும். வேலையின்மைப் பணமும் வருமானமாகவே அங்கே கணக்கில் இருக்கிறது. அது நின்றதும் பிரீமியம் குறையலாம், குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடி-காலுக்குத் தகுதியும் வரலாம்.