பழைய இன்ஜினைப் பிரிப்பது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காரிலிருந்து இறக்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. முழுசாகவே எடைக்குப் போடலாமா, பிரித்துப் போடுவதுதான் லாபமா?

பதில்: முழுசாகப் போட்டால் அது எண்ணெய் படிந்த கலப்பு உலோகம். உள்ளே எவ்வளவு அலுமினியம் இருந்தாலும் கலப்புக்கான விலைதான் கிடைக்கும். எதுவரை பிரிப்பது என்பதை ஒரு காந்தத்தை வைத்தே முடிவு செய்யலாம். பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் அடங்கிய பெரிய வார்ப்பின், வெளிப்பக்கத்தில் அழுக்கைச் சுரண்டிவிட்டு வைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பெரும்பாலான அலுமினிய பிளாக்குகளின் உள்ளேயும் சிலிண்டரின் உள்சுவராக வார்ப்பிரும்புக் குழாய், அதாவது லைனர்தான் இருக்கும்.

வெளிப்பக்கம் ஒட்டினால் பிளாக் வார்ப்பிரும்பு. அப்படியானால் ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி), இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), பிஸ்டன்கள், ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் கருவி), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைக் கழற்றினால் போதும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கிலேயே விட்டுவிடுங்கள். இரும்போடு இரும்பாக எடைக்குப் போகும் பொருளுக்காக அரை நாள் மெனக்கெட வேண்டாம்.

ஒட்டாவிட்டால் பிளாக் அலுமினியம். இங்கே கிராங்க்கையும் எடுத்தாக வேண்டும். ஸ்டட், போல்ட், பல் சக்கரம் என்று எஃகு எதுவும் தங்கக் கூடாது. இரும்பு கலந்த அலுமினியத்துக்குத் தர மதிப்பு சட்டென்று இறங்கிவிடும், ஏனென்றால் உருக்கும்போது அலுமினியத்தில் கரைந்த இரும்பைத் திரும்பப் பிரிப்பது மிகக் கடினம். வார்ப்போடு சேர்ந்த லைனரைக் கையால் எடுக்க முடியாது, விட்டுவிடுங்கள். தனியாகச் செருகிய லைனராக இருந்தால் கீழிருந்து கட்டை வைத்துத் தட்டினால் வந்துவிடும்.

கேள்வி: ஆயிலை வடித்துவிட்டுத்தான் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஒழுகி, எடை போடும் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதன் போல்ட்டைத் திறந்தால் சம்ப்பில் இருப்பதுதான் வரும். ஃபில்டர், ஆயில் பம்ப், ஹெட்டின் மேல் பள்ளங்கள் ஆகியவற்றில் தேங்கியது அப்படியே நிற்கும். ஃபில்டருக்குள் எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உண்டு. அதனால் அதன் மூடிய முனையில் ஒரு துளை போட்டு, வாய் கீழே இருக்கும்படி ஒரு இரவு முழுக்க வடிய விடுங்கள். இன்ஜினையும் வடிகால் பக்கம் சாய்த்து அதே ஒரு இரவு வைக்க வேண்டும்.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விஷயத்திலும் இதே பிழை நடக்கிறது. ரேடியேட்டரைத் திறந்தால் பிளாக்கின் நீர்ப்பாதை காலியாகாது. பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு வடிகால் பிளக் இருந்தால் அதையும் திறக்க வேண்டும், இல்லையேல் தண்ணீர் பம்பைக் கழற்றிச் சாய்த்து வடிக்கலாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறு அளவே உயிரைப் பறிக்கும். தரையில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். கழிவு ஆயிலையும் கூலன்ட்டையும் ஒரே கேனில் ஊற்றவும் கூடாது. கலந்துவிட்டால் இரண்டுமே மறுசுழற்சிக்கு ஆகாமல் போகும்.

கேள்வி: போல்ட்டுகளையெல்லாம் எடுத்தும் ஹெட் அசையவே இல்லை. வால்வுகளைக் கழற்றத் தனிக் கருவி வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் எடுத்திருக்க மாட்டீர்கள். கேம் ஷாஃப்ட்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அடியிலும் அதைச் சுழற்றும் டைமிங் செயின் பக்கமும் சின்ன போல்ட்டுகள் ஒளிந்திருக்கும். ஹெட் போல்ட்டின் தலைக்குழியில் இறுகிய கரியைக் குத்தி எடுத்துவிட்டு, சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து நன்றாக உட்கார வைத்த பிறகே திருகுங்கள். பாதி உட்கார்ந்த சாக்கெட்தான் போல்ட் தலையை மழுக்குகிறது. தலை மழுங்கிவிட்டால் அதைத் துளையிட்டு எடுத்துவிடுங்கள்; ஹெட்டைத் தூக்கிய பிறகு மிச்சத் தண்டைக் குறட்டால் திருகி எடுத்துவிடலாம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான கேஸ்கட்டில் ஹெட் ஒட்டியிருந்தால் மூலையில் கம்பி கொடுத்து நெம்புங்கள். திரும்பப் பொருத்தப் போவதில்லை, கீறல் விழுந்தால் பரவாயில்லை.

வால்வுக்குத் தனிக் கருவி வேண்டாம். கேம் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு ஹெட்டைக் கவிழ்க்காமல், எரியறைக்குள் வால்வைத் தாங்கும்படி ஒரு மரக்கட்டை கொடுத்து வையுங்கள். ஸ்பிரிங்கின் மேல்தட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. வால்வையும் ஸ்பிரிங்கையும் பிணைக்கும் பூட்டுத் துண்டுகள் கழன்று தெறிக்கும். அவை கண்ணைப் பறிக்கக் கூடியவை. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சாக்கெட்டுக்குள் சின்ன காந்தம் போட்டால் துண்டுகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சில இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு குழாய் போல இருந்து உள்ளே சோடியம் நிரப்பியிருக்கும். ஈரம் பட்டால் அது தீப்பிடிக்கும். எனவே எந்த வால்வையும் அறுக்காமல் முழுசாகப் போடுங்கள்.

கேள்வி: பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்த்தே போடலாமா?

பதில்: வேண்டாம். பிஸ்டன் அலுமினியம்; அதைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடும், ராடை பிஸ்டனில் மாட்டும் பின்னும் எஃகு. பின்னின் இரு முனையிலும் வளையப் பூட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தட்டினால் பின் வெளியே வரும். வளையமே இல்லாவிட்டால் அது அழுத்தி ஏற்றிய பின். அதோடு மல்லுக்கட்டாமல் பிஸ்டனைக் கெட்டியான இரும்பின் மேல் வைத்துச் சம்மட்டியால் உடையுங்கள். வார்ப்பு அலுமினியம் எளிதில் நொறுங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளைப் பொறுக்கி இரும்போடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வயரை எரித்தால் செம்பு சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து எரிக்காதீர்கள். பிவிசி உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் வரும். முதலில் அதைச் சுவாசிப்பது பக்கத்தில் நிற்பவர்தான். கருகிய செம்பு தரத்திலும் குறைந்துதான் போகும். தடித்த வயரை மட்டும் கத்தியால் கீறி உரியுங்கள், மெல்லியதை உறையோடு போடுங்கள்.

கேள்வி: வால்வு மூடி (ஹெட்டின் மேல்மூடி) வழக்கத்தைவிட லேசாக இருக்கிறது, காந்தமும் ஒட்டவில்லை. அறுக்கலாமா?

பதில்: அறுக்காதீர்கள், அது மக்னீசியமாக இருக்கலாம். ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, சுத்தமான உலோகத்தில் சில சொட்டு வினிகர் விடுங்கள். உடனே குமிழி கிளம்பினால் மக்னீசியம். அலுமினியத்தில் அப்படிப் பொங்காது. மக்னீசியத்தை கிரைண்டரால் தேய்த்தால் பொடி தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும், உலர்ந்த மணலால் மூடுவதுதான் வழி. கடையில் அதை அலுமினியக் குவியலில் சேர்க்காமல், மக்னீசியம் என்று சொல்லியே தனியாகக் கொடுங்கள்.