லாடமா, பூட்ஸா? மலைச்சாலையில் நெடுஞ்சவாரி போகும் குதிரைக்கு எது ஏற்றது?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு நாட்டுப் பெண்குதிரை வளர்க்கிறேன். இதுவரை மண்தரையில்தான் ஓடியிருக்கிறது, லாடம் அடித்ததில்லை. இனி மாதம் இரண்டு முறை பூம்பாறை வழியாக மன்னவனூர் வரை போக எண்ணம். லாடம் அடிப்பதா, ரப்பர் பூட்ஸ் வாங்குவதா?

பதில்: பூட்ஸ் வாங்குங்கள். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நாள்தோறும் தார்ச்சாலையில் நடக்கும் குதிரைக்குத் தேய்மானம் அந்த வளர்ச்சியை மிஞ்சிவிடும்; அதற்கு லாடம்தான் சரி. உங்கள் குதிரைக்கோ மாதத்தில் சில நாள்தான் கடினமான தரை. அதற்காக மாதம் முழுக்க இரும்பைச் சுமக்க வைப்பானேன்?

லாடம் அடித்தால் வேலை அத்தோடு முடியாது. இரும்பு தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். பிளவுபட்ட மாட்டுக் குளம்புக்கு இரண்டு தகடு, குதிரைக்கு ஒரே வளைவு. இரண்டும் வேறு வேறு கைவேலை. ஆணி உணர்ச்சியற்ற வெளிச்சுவருக்குள் மட்டுமே இறங்க வேண்டும். சற்று உள்ளே போனாலும் குதிரை நொண்டும், சீழும் வைக்கலாம்.

பூட்ஸில் எல்லாமே அளவுதான். குளம்பைச் சீவிய அன்றே அளந்துவிடுங்கள்: அடிப்பக்கத்தில் அகலம் மிகுந்த இடத்தில் ஓர் அளவு, முன்நுனியிலிருந்து குளம்பின் பின்பக்கச் சுவர் தரையைத் தொடும் இடம் வரை இன்னோர் அளவு. மில்லிமீட்டரில் குறியுங்கள். நான்கு குளம்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பின்குளம்பு பெரும்பாலும் குறுகலாக இருக்கும். ‘கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்’ என்று வாங்கும் பூட்ஸ், இறக்கத்தில் திரும்பிக்கொள்ளும். உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குவதால், கையில் பணம் குறைவென்றால் முதலில் அவற்றுக்கு மட்டும் வாங்கலாம். தொடக்கத்தில் அரைமணி நடை போதும். கழற்றியதும் குதிகாலின் மென்பகுதியில் உராய்வு இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் உள்ளே மணல் புகுந்தால் நின்று தட்டிவிட வேண்டும்; சோம்பல்பட்டால் தோல் உரிந்துவிடும்.

கலிபோர்னியாவில் 160 கிலோமீட்டர் ஓடும் டெவிஸ் கோப்பைக் குதிரைப் பந்தயத்திலேயே பூட்ஸ் போட்ட குதிரைகள் வென்றிருக்கின்றன. ஆனால் அங்கே பலர் அதைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுவதற்குக் குளம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கொடைக்கானல் பனிமூட்டத்தில் அந்த ஆசை வேண்டாம். பட்டை போட்டு மாட்டும் வகையே போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும். வழவழப்பான இரும்பு லாடமும் நனைந்த தாரில் வழுக்கத்தான் செய்யும். அந்த மாதங்களில் நெடுஞ்சவாரியை நிறுத்திவையுங்கள். லாயத்தை உலர்வாக வையுங்கள். ஈரத்தில் நின்றால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண மெத்தைப்பகுதி கறுத்து, நாறி, அழுகும்.

முதல்முறை பூம்பாறையோடு நின்றுவிடுங்கள். சேர்ந்ததும் பூட்ஸைக் கழற்றி, குதிரை இளைப்பாறிய பிறகு நான்கு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் மறுநாள் ஏறாதீர்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள்.