இடித்துக்கொண்டே நடக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்கிறான். தண்ணீர் ஊற்றினால் டம்ளர் வழிகிறது. பென்சில் முனையை அழுத்தி உடைத்துவிடுகிறான். பேச்சும் படிப்பும் நன்றாகவே இருக்கின்றன. பள்ளியில் ‘கவனமே இல்லை’ என்கிறார்கள். என்ன செய்யலாம், டாக்டர்? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: இதற்காக அவனைத் திட்டாதீர்கள். இது பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் சரியாகப் போய்ச் சேரும். தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, சுற்றுகிறது என்பதை உள்காது சொல்கிறது. இந்தக் கணக்கு சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபடும். ‘பார்த்து நட’ என்று எத்தனை முறை சொன்னாலும் அது வராது. உடம்பை அசைத்து, பளு தூக்கி, விழுந்து எழுந்துதான் வரும்.

அதற்குப் பாண்டி ஆட்டத்தைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. சில்லைச் சரியான கட்டத்துக்குள் விழும்படி அளந்து எறிய வேண்டும். ஒற்றைக்காலில் நொண்டி, கோட்டை மிதிக்காமல் நிற்க வேண்டும். அப்புறம் தூக்கிய காலை ஊன்றாமலே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். விசை, சமநிலை, தூரம் மூன்றும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. முதலில் பெரிய கட்டங்களாக, நாலே நாலு போடுங்கள். தடுமாறினால் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலையும் உதவும். சப்பாத்தி மாவு பிசைய, ஈரத்துணி பிழிய, பாதி வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப்போக விடுங்கள். ஒரு துணிப்பையில் சாவி, புளியங்கொட்டை, கரண்டி போட்டு, பார்க்காமல் தடவியே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாலையில் தெருவிலோ பூங்காவிலோ ஓடியாட விடுங்கள். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒன்று முக்கியம். பாண்டி ஆடினால் பட்டன் போட வந்துவிடாது. பட்டன் போடுவதைப் பட்டன் போட்டுத்தான் கற்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. குளியலறையில் சின்னச் சொம்பைக் கொடுத்துப் பழக்குங்கள், சிந்தினால் பரவாயில்லை. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும் வேண்டாம்.

கண் பரிசோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள். பார்வைக் குறை இருந்தாலும் பிள்ளைகள் இடித்துக்கொள்வார்கள்.

தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுகிறானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா, இரண்டு கையும் வேண்டிய வேலைக்கும் ஒரு பக்கக் கையையே பயன்படுத்துகிறானா, முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லையா, காலையில் தலைவலியோடு வாந்தி வருகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஆனால் சில மாதங்கள் பழகியும் சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது சிரமமாகவே இருக்கிறது என்றால், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்க்கலாம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். போகும்போது அவனது எழுத்து நோட்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.