ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மெனோபாஸ் என்று சொல்லிவிட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு மாதங்களாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஒரு தடவை 20 நாளில் வருகிறது, பிறகு இரண்டு மாதம் வருவதே இல்லை. வந்தால் அதிகமாகப் போகிறது. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. எங்கள் ஊரில் நடந்த முகாமில் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஹார்மோன் பரிசோதனை செய்தார்கள். எஃப்.எஸ்.ஹெச் அதிகம், மெனோபாஸ் வந்துவிட்டது என்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, காப்பீட்டிலேயே முடித்துத் தருகிறேன் என்கிறார் அங்கே அழைத்துப்போன பெண். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு மெனோபாஸ் இன்னும் வரவில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கே வராமல் கடந்தால்தான் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். பதினோராம் மாதத்தில் வந்துவிட்டால்கூட மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய கட்டம், பெரிமெனோபாஸ். சிலருக்கு இரண்டு வருடத்தில் முடியும், சிலருக்கு ஏழெட்டு வருடம் இழுக்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயதே 46, 47 தான். உங்கள் உடம்பு வயதுக்கேற்றபடி நடந்துகொள்கிறது.

சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, மூளை எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோனைக் கூட்டி அதைத் தட்டி எழுப்பப் பார்க்கிறது. ஒரு மாதம் எழும், மறுமாதம் எழாது. அதனால் இந்த வாரம் அதிகமாகக் காட்டும் அளவு அடுத்த மாதம் சாதாரணமாக இருக்கும். 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மெனோபாஸைக் கண்டறிய இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது. முகாம்களில் இன்னமும் அதைத்தான் விற்கிறார்கள். இன்னொன்று, முட்டை இடையிடையே வருவதால் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றால், அதன்பின் இரண்டு வருடம் கருத்தடை தேவை.

உங்களுக்கு வேண்டியவை ஹீமோகுளோபின், தைராய்டு, கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்தும் சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். ரத்தப்போக்கு அதிகம் என்பதால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்து பயாப்ஸி செய்யவும் டாக்டர் சொல்லலாம், மறுக்காதீர்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவற்றைவிட எனக்கு உதவுவது காலண்டர். என்னிடம் வரும் ஓர் அம்மா, பால் கணக்கு எழுதும் காலண்டரையே கழற்றி மஞ்சள் பைக்குள் சுருட்டிக்கொண்டு வருவார். லிட்டர் கணக்குக்குப் பக்கத்தில் மாதவிலக்கு வந்த நாட்களில் பென்சிலால் பெருக்கல் குறி, அதிகமாகப் போன நாளில் இரண்டு குறி. அவருக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கர்ப்பிணிக்கு அரசாங்கம் அட்டை தருகிறது, குழந்தையின் தடுப்பூசிக்கு அட்டை தருகிறது. 45 வயதுப் பெண்ணுக்கு ஓர் அட்டை அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. புறநோயாளிப் பிரிவில் மூன்று நிமிடத்தில் அவள் என்னதான் சொல்லி முடிப்பாள்? அந்த இடைவெளியில்தான் முகாம்காரர்களும் தரகர்களும் நுழைகிறார்கள்.

அந்தப் பெண்ணோடு இனி எங்கும் போகாதீர்கள். உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன் கிடைக்கலாம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மட்டும் மூன்று ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக 2019-இல் அந்த மாநில அரசே சட்ட மேலவையில் சொன்னது. கரும்பு வெட்டப் போகும் ஏழைப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். தேவையற்ற இந்த அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. புற்றுநோய், பெரிய கட்டி என்றால் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இருக்கிறது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ். எலும்பு தேய்வது அப்போதே தொடங்கிவிடும். இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுத்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 12 மாதம் முழுதாக நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், அது மாதவிலக்கு இல்லை. வலி இல்லாவிட்டாலும், ஒரே நாளில் நின்றுவிட்டாலும் காட்டியாக வேண்டும். 54 வயதான ஓர் அம்மாவுக்கு, நின்று இரண்டு வருடம் கழித்துப் பாவாடையில் காசு அளவுக்கு ஒரு கறை. வீட்டில் உடம்புச் சூடு என்று சொல்லி ஆறு மாதம் இளநீரும் வெந்தயமும் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது கர்ப்பப்பைப் புற்றுநோய். பெரும்பாலானவர்களுக்கு இது சவ்வு மெலிவதால் வருவதுதான். ஆனால் பத்தில் ஒருவர் வரை புற்றுநோய் இருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்து அதைப் பிரித்தறிய என்னாலும் முடியாது. உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அப்படிப் பட்டால், அந்த வாரமே ஸ்கேனுக்குப் போய்விடுங்கள்.