இயற்பியல் படித்த பெண் நிதி மேலாண்மைக்குப் போகலாமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறார். அடுத்து நிதி மேலாண்மையில் முதுநிலை படிக்கப் போவதாகச் சொல்கிறார். வணிகவியல் படித்த பிள்ளைகளோடு அவரால் ஈடுகொடுக்க முடியுமா, இதுவரை படித்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈடுகொடுக்க முடியும், அதற்குச் சில மாதத் தயாரிப்பு வேண்டும். படித்தது வீணாகவும் போகாது. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிதித் துறைக்குள் எந்த மாதிரி வேலையை அவர் மனதில் வைத்திருக்கிறார்? அது தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் நல்ல கல்லூரி கிடைத்தாலும் தவறான வகுப்பில் போய் உட்கார நேரிடும்.

நிதி மேலாண்மை என்றதும் பலருக்கும் கணக்கு எழுதுவதன் மேல்படிப்பு என்ற நினைப்பு வருகிறது. நடந்து முடிந்த வரவு செலவைச் சரியாகப் பதிந்து காட்டுவது கணக்குப் பதிவியலின் வேலை. நிதி மேலாளர் அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் கையை விட்டுப் போவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியவர். எதில் முதலீடு செய்வது, அதற்கான பணத்தைக் கடனாக வாங்குவதா பங்கு விற்றுத் திரட்டுவதா, அன்றாடச் செலவுக்குக் கையிருப்பு வறண்டு போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது: பாடத்திட்டத்தில் எத்தனை தாள்கள் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் வந்து சேரும்.

ஒரு திட்டத்தில் இன்று 100 போட்டால் மூன்று ஆண்டு கழித்து 120 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அதே அளவு ஆபத்துள்ள வேறொரு இடத்தில் ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைக்குமென்றால், அந்த 120-இன் இன்றைய மதிப்பு, அதாவது மூன்று ஆண்டில் 120 ஆக வளர அங்கே இன்று போட வேண்டிய தொகை, 95-க்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அப்படியென்றால் இந்தத் திட்டத்தைத் தொடக் கூடாது. கணக்கு எளிது. கடினமான இடம் அந்த 8 சதவீதம். அது 6 ஆக இருக்க வேண்டுமா, 11 ஆக இருக்க வேண்டுமா, ஏன்? இந்த 'ஏன்' என்பதற்குப் பதில் தேடுவதில் முதுநிலைப் படிப்பின் பெரும்பகுதி போய்விடும்.

கையிருப்பு விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள். சரக்குக்கு 30 நாளில் பணம் கொடுத்துவிட்டு, விற்ற சரக்குக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் வாங்குகிற நிறுவனம், விற்பனை பெருகப் பெருகத் திணறும். கணக்கில் லாபம் இருக்கும், சம்பளம் போடக் காசு இருக்காது. லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது மனதில் ஆழமாகப் பதிந்தாலே இந்தப் படிப்பின் பாதித் தடைகளைத் தாண்டியாயிற்று.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த வங்கியின் பணத்தில் பெரும்பங்கு, அரசு உத்தரவாதம் பெற்ற நீண்டகாலக் கடன் பத்திரங்களில் இருந்தது. பணம் திரும்பி வருமா என்ற சந்தேகமே இல்லாத பத்திரங்கள் அவை. ஆனால் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வீதம், 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, ஓராண்டுக்குள் நாலரை சதவீதத்துக்கு ஏறியது. வட்டி ஏறினால் புதிய பத்திரங்கள் அதிக வட்டி தரும், அதனால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். நீண்டகாலப் பத்திரமாக இருந்தால் இறக்கமும் அதிகம். வங்கி அவற்றில் ஒரு பகுதியை நஷ்டத்துக்கு விற்றதாக அறிவித்ததும், மறுநாள் மார்ச் 9 அன்று மட்டும் சுமார் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. எந்த நிமிடமும் கேட்கப்படக்கூடிய வைப்புப் பணத்தைப் பல ஆண்டுகளுக்கு முடக்கி வைத்ததன் விளைவு இது. பத்திரத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கால அளவையும் பார்க்க வேண்டும் என்பது முதுநிலை முதல் பருவத்திலேயே வருகிற பாடம். இதைப் படிக்கும்போது உங்கள் மகளுக்கு 'அந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம்' என்று யோசிக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அது நல்ல அறிகுறி.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். பங்கு விருப்ப ஒப்பந்தங்களுக்கு (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தருபவை) விலை கணிக்க 1973-இல் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்சும் வெளியிட்ட சமன்பாட்டை, வெப்பம் பரவுவதைச் சொல்லும் சமன்பாடாகவே மாற்றி எழுதிவிடலாம். அதை அவர் ஏற்கெனவே வகுப்பில் தீர்த்திருப்பார். அதனால்தான் இயற்பியல் படித்தவர்கள் நிறையப் பேர் நிதித் துறைக்குள் வந்தார்கள். ஆனால் கவனம் தேவை: அவர்களில் பலர் போனது நிதிப் பொறியியல் அல்லது அளவைசார் நிதியியல் என்ற பக்கம். நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, நிரல் எழுதுதல் என்று நாள் முழுக்கக் கணிதம் அங்கே. நிதி மேலாண்மையில் கணிதம் அவ்வளவு ஆழம் போகாது. புள்ளியியலும் கொஞ்சம் நிகழ்தகவும் போதும். அதற்குப் பதிலாக மனிதர்களோடு பேசுவது அதிகம். விரிவாக்கம் வேண்டும் என்று நிற்கும் உற்பத்திப் பிரிவிடம் ஏன் இந்த ஆண்டு முடியாது என்று விளக்க வேண்டும், கடன் தரும் வங்கியிடம் நிபந்தனைகளைத் தளர்த்தக் கேட்டுப் பேரம் பேச வேண்டும். இரண்டு படிப்புக்கும் பெயர் நெருக்கம், வாழ்க்கை வேறு. அவருக்குச் சமன்பாடுதான் பிடிக்குமென்றால் நிதி மேலாண்மையில் சேர்த்துவிடாதீர்கள், சலித்துப் போவார். இந்த ஒரு விஷயத்தைத் தீர்மானிக்க ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

படிப்புகளின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ.வில் நிதியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் சந்தைப்படுத்தல், மனிதவளம் எல்லாம் கூடவே வரும். சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்குத்தான் அது முழுப் பயன் தரும். நிதியியலில் எம்.எஸ்சி. பெரும்பாலும் பட்டம் முடித்த கையோடு சேருபவர்களை மனதில் வைத்து அமைக்கப்படுவது, நிதிப் பாடங்களுக்குள் நேராக இறங்கிவிடும். சி.எஃப்.ஏ. என்பது மூன்று நிலைத் தேர்வு. முதலீட்டு ஆய்வுப் பக்கம் சாயும். ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். மூன்றையும் முடித்தாலும் 4,000 மணி நேரப் பணி அனுபவம் இருந்தால்தான் பட்டயம் கையில் கிடைக்கும். ஏ.சி.சி.ஏ. போன்றவை கணக்கு, தணிக்கைப் பக்கம். உங்கள் மகளின் நிலையில் எனக்கு எம்.எஸ்சி. பொருத்தமாகத் தெரிகிறது. எம்.பி.ஏ. இப்போதைக்கு வேண்டாம்.

வகுப்பில் சொல்லித் தரும் சூத்திரங்களை நிறுவனங்கள் உண்மையிலேயே பயன்படுத்துகின்றனவா என்று சந்தேகப்பட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். 2001-இல் ஜான் கிரஹாமும் கேம்பல் ஹார்வியும் வெளியிட்ட ஆய்வில் 392 தலைமை நிதி அதிகாரிகளிடம் விவரம் திரட்டியிருந்தார்கள். நான் மேலே காட்டிய இன்றைய மதிப்புக் கணக்கை எப்போதும் அல்லது அநேகமாக எப்போதும் போடுகிறோம் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று மட்டும் பார்க்கிற பழைய முறையைப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கூடவே வைத்திருந்தார்கள். ஆக, வகுப்பில் படிப்பது வீணில்லை. அது தனியாக நின்று முடிவெடுத்துவிடுவதும் இல்லை.

தயாரிப்பு என்றேனே, அது இதுதான். சேருவதற்கு முன், ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு கணக்குகளில் பதிகிற இரட்டைப் பதிவு முறையையும், லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, ரொக்கப் புழக்க அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பதையும் அவர் கற்றுவிட வேண்டும். தேய்மானம் 10 கூடினால் இந்த மூன்றிலும் எந்தெந்த எண் மாறும் என்று யோசிக்காமல் சொல்லுகிற அளவுக்குப் பழக்கம் வேண்டும். நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வியும் அதுதான். அப்புறம் எக்செல். முதல் இரண்டு ஆண்டு வேலையில் அதுதான் பாதி நாள். திட்டமிட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் ஏன் வித்தியாசம் என்று எழுதிக் கொடுப்பது, வங்கிகள் சொல்லும் வட்டியை ஒப்பிடுவது, மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் நேரம் பார்க்காமல் உட்காருவது என்றுதான் ஆரம்பம் இருக்கும். பெரிய முடிவுகள் அவர் மேசைக்கு வர நாளாகும். இதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

கட்டணம் பற்றிய உங்கள் கவலை சரியானது. படிப்புச் செலவைக் கூட்டும்போது கட்டணத்தோடு, அந்த ஓரிரண்டு ஆண்டில் அவர் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளத்தையும் சேருங்கள். கல்லூரியிடம் அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. நடுவில் நிற்கும் மாணவருக்கு எவ்வளவு கிடைத்தது, எந்தப் பதவியில் சேர்ந்தார், எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். இந்தக் கணக்கை உங்கள் மகளையே போடச் சொல்லுங்கள். அவர் படிக்க விரும்பும் பாடத்தின் முதல் பயிற்சியாகவே அது அமையட்டும்.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவருக்குப் பிடித்த பொருளைத் தயாரிக்கும், பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும். லாபமும் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கமும் ஏன் வேறுபடுகின்றன, கடனில் எவ்வளவு ஓராண்டுக்குள் திருப்ப வேண்டியது, இந்த ஆண்டு எதில் பணம் போட்டார்கள், அவராக இருந்தால் போட்டிருப்பாரா என்று ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். பிழை இருந்தால் பரவாயில்லை. அந்தப் பக்கத்தையும், அவர் பார்த்து வைத்திருக்கும் பாடத்திட்டங்களையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படிப்பு என்பதை அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்வோம்.