ஊருக்கு அனுப்பினால் சரியாகுமா? தாராவி வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களுக்கு மருந்து கொடுக்கும் மும்பை மையம் ஒன்றில் பதினொரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பெயர், தெரு எதையும் போடவில்லை.

சிஸ்டர், என் மகன் பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின் பொடி) ஊசி போடுகிறான். திருநெல்வேலியில் பாட்டி வீட்டுக்கு இரண்டு மாதம் அனுப்பினால் மறந்துவிட மாட்டானா?

அம்மா, நம் வீடுகளில் முதலில் செய்வது இதைத்தான். ஊரில் பொடி கையில் சிக்காது, வேளைக்குச் சோறு கிடைக்கும், பையன் தேறுவான். அது உண்மை. ஆனால் அதே இரண்டு மாதத்தில், பழைய அளவைத் தாங்கும் சக்தி அவன் உடம்பை விட்டுப் போயிருக்கும். திரும்பி வந்து, பழைய சேக்காளிகளோடு உட்கார்ந்து, பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். ஊரிலிருந்து வந்த வாரத்திலேயே போய்விட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஜெயிலிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளியே வரும் முதல் வாரங்களும் இதே ஆபத்துதான். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவனை ஒருமுறை மையத்துக்குக் கூட்டி வாருங்கள்.

மையத்தில் கொடுக்கும் மாத்திரையும் போதைதான் என்கிறார்களே? தம்பியை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் தள்ளுவதா?

அது புப்ரெனார்பின். நாக்குக்கு அடியில் வைத்து எங்கள் கண்முன்னாலேயே கரைய விட வேண்டும். அரசின் ஓ.எஸ்.டி. (போதைக்குப் பதில் மருந்து கொடுக்கும்) மையங்களில் இலவசம். பிரவுன் சுகர் மூளையில் எந்த இடத்தில் உட்காருமோ அங்கேயே இதுவும் உட்காரும். ஆனால் பொடி சில மணி நேரத்தில் இறங்கி டர்க்கி, அதாவது பொடி கிடைக்காத அவஸ்தை, பிடிக்கும். உடம்பு முறுக்கும், வயிறு போகும். இது ஒரு நாள் முழுக்கத் தாங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் போதையும் ஏறாது. காலையில் மாத்திரை வைத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் எங்களிடம் நிறைய. அம்மாவின் தோட்டைத் திருடாமல், காசுக்கு அலையாமல் ஒருவன் சம்பளம் வாங்கி வீட்டுக்கு வருகிறான் என்றால் அதை நான் போதை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு விஷயம் கவனம். டர்க்கி தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. பொடி உள்ளே இருக்கும்போதே வைத்தால் கடுமையான டர்க்கி வரும். சாராயமும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது. அப்புறம், மாத்திரையை மூன்று மாதத்தில் நிறுத்தச் சொல்லி தம்பியை நச்சரிக்காதீர்கள். பலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும்.

சிஸ்டர், ஊசி என்னுடையதுதான், யாருக்கும் தர மாட்டேன். ஸ்பூன், பஞ்சு, தண்ணீர் மட்டும் பொது. பயமில்லையே?

பயம் இருக்கிறது, தம்பி. ஒருவன் போட்ட ஊசியை அந்தத் தண்ணீரில் முக்கினால் அவன் ரத்தம் தண்ணீரில் கலக்கும். அதிலிருந்து நீ இழுத்தால் உன் நரம்புக்குள் வரும். ஹெபடைடிஸ் சி கிருமி ஊசிக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பல வருடம் ஒன்றும் தெரியாது, பிறகு ஈரல் கெடும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் குணமாகும். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மாத்திரை இலவசம். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் போதும். குணமான பிறகும் பழைய பழக்கத்தால் மறுபடி தொற்றலாம், அதை மறக்காதே. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: இன்று, ஒரு மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று தவணை. ஹெச்.ஐ.வி. சோதனை இப்போது நெகடிவ் என்றாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி எடு. ஸ்பூனும் பஞ்சும் தண்ணீரும் உனக்கென்று தனியாக இருக்கட்டும்.

அரசாங்கமே புது ஊசி கொடுப்பது தப்பைத் தூண்டுவது இல்லையா?

கேட்பவரின் கோபம் புரிகிறது. ஆனால் எங்களிடம் ஊசி வாங்க வருபவர் ஏற்கெனவே போடுபவர். புது ஊசி இல்லையென்றால் அவர் போடாமல் இருக்க மாட்டார், குப்பையில் கிடப்பதை எடுப்பார். 2021 கண்காணிப்பின்படி இந்தியாவில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு ஹெச்.ஐ.வி.; வயது வந்த பொதுமக்களில் ஆயிரத்துக்கு 2 பேர்தான். பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கைப்புண்ணைப் பார்க்கிறோம், இருமலைக் கேட்கிறோம், டிபி சோதனைக்கு அனுப்புகிறோம். முதலில் ஊசிக்காக வந்து பிறகு மாத்திரைக்கு மாறியவர்கள் எத்தனையோ பேர். 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டமும் இந்த வேலைக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது.

சிகிச்சைக்கு வந்தால் போலீசில் மாட்டிவிடுவீர்களா?

மாட்டோம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு, உபயோகித்தது, சிறிய அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கிலிருந்து என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்குத் தருகிறது. விற்பனை வழக்கு வேறு.

ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அண்ணனைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

இல்லவே இல்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. அங்கிருந்து அவரை உடனே கூட்டி வாருங்கள். வேறு இடம் தேட 14446 இலவச எண்.

அக்கா, அவருக்கு ஹெச்.ஐ.வி. என்று வந்திருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டோம். பிள்ளைக்கும் வருமா?

தட்டு, துண்டு, கட்டிப்பிடிப்பது, இதிலெல்லாம் வராதும்மா. நீங்கள் சோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு இருந்தால் பிள்ளைக்கும் எடுக்க வேண்டும். அவர் ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும்) மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது. அதுவரை காண்டம் அவசியம். விவரத்துக்கு 1097.

நண்பன் கழிவறையில் நீலம் பூத்துக் கிடந்தான். என்ன செய்திருக்க வேண்டும்?

உடனே 108. உப்புத் தண்ணீர் ஊசி, பால் எதுவும் வேண்டாம். மூச்சு மிகக் குறைவாக இருந்தாலோ நின்றிருந்தாலோ மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை ஊதுங்கள். தானாக மூச்சு விடுகிறான் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் நாலோக்சோன் என்ற, பொடியின் வேகத்தை முறிக்கும் மருந்து போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் வேகம் குறைந்து மறுபடி மயங்கலாம், அதனால் எழுந்து உட்கார்ந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். என்ன போட்டான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.