ஏழு பாகமும் படித்தாயிற்று, பேச ஆளில்லை

கேள்வி: எனக்கு 28 வயது. பள்ளி நாட்களிலிருந்தே ஃபேன்டஸி நாவல்கள் என்றால் உயிர். அலமாரியில் முக்கால்வாசி அதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை. அலுவலகத்தில் வாயைத் திறந்தால் “இன்னுமா இந்த மாயாஜாலக் கதையெல்லாம்?” என்கிறார்கள். ஆன்லைன் குழுக்களில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், அங்கே நான் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. எப்போதாவது ஒருவர் சிக்கினால் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசி, அவரை ஓட வைத்துவிடுகிறேன். என்னைப் போன்ற நண்பர்களை எங்கே தேடுவது?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். “என்னைப் போன்ற” என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக வாசிப்பு வட்டம் நடத்துபவள் நான். தேடல் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதே தொடர், அதே பாத்திரம், அதே அளவு பைத்தியம் என்று நிபந்தனை போட்டால் ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் இரண்டு வாரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். “ஆமாம், எனக்கும்தான்” என்பதை எத்தனை தடவை சொல்வது?

இங்க்ளிங்ஸ் என்ற எழுத்தாளர் குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1930களிலும் 40களிலும் ஆக்ஸ்ஃபர்டில் கூடியவர்கள். 1926-ல் ஒருவருக்கொருவர் அறிமுகமான டோல்கீனும் (‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதியவர்) லூயிஸும் (‘நார்னியா’ கதைகளை எழுதியவர்) அதன் நடுநாயகங்கள். வியாழக்கிழமை இரவு லூயிஸின் கல்லூரி அறை, செவ்வாய்க்கிழமை காலை ஊரில் ஒரு பப். எழுதிக்கொண்டிருப்பதை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். லூயிஸ் குழந்தைகளுக்காக எழுதிய ஃபேன்டஸி கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. டோல்கீன் தன் நாவலை எடுத்தால் ஹ்யூகோ டைசன் என்ற நண்பருக்குத் தாங்காது. அவர் வந்திருக்கும் நாளில் அந்த வாசிப்பையே கைவிட வேண்டிவந்தது. ரசனை இவ்வளவு முட்டிக்கொண்டும் கூட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்ததற்குக் காரணம், கிழமை மாறவில்லை, ஆட்களும் அநேகமாக மாறவில்லை என்பதுதான்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அதே நாலைந்து பேர் திரும்பத் திரும்பக் கூடுகிற ஒரு சந்தர்ப்பம். இதற்கு ஒரு கணக்குகூட உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று நிறைவாகச் சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். அதிலும் வேலை நிமித்தம் ஒரே அறையில் இருந்த நேரம் பெரிதாகக் கணக்கில் ஏறுவதில்லை, ஓய்வாகக் கழித்த நேரம்தான் ஏறுகிறது. இரு வாரத்துக்கு ஒரு முறை 2 மணி நேரம் கூடும் வாசிப்பு வட்டத்தில் 50 மணியைத் தொட ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். மூன்று தடவை போய்விட்டு “அங்கே யாரும் ஒட்டவில்லை” என்று திரும்பி வருபவர்கள் 6 மணி நேரத்தில் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஆயிரக்கணக்கானோர் உள்ள ஆன்லைன் குழு உங்களுக்குக் கைகொடுக்காததும் இதனால்தான். இன்று பதில் சொன்னவர் நாளை உங்கள் கண்ணில் படமாட்டார். அதை விட்டு விலக வேண்டாம், ஆள் பிடிக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவுக்கு நாலு வரி யோசித்துப் பதில் எழுதியவர் யாரோ, அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, ஐந்தாறு பேர் மட்டும் உள்ள சின்னக் குழுவுக்கு இழுத்து வாருங்கள். இது புதிய தந்திரமும் இல்லை. 1920களின் பிற்பகுதியில் ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டது. வாசகர்கள் இதழை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் நேரடியாகக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். அறிவியல் புனைகதை ரசிகர் மன்றங்களுக்கு வித்திட்டவற்றில் அந்தக் கடிதங்கள் முக்கியமானவை. (நீங்கள் முகவரியெல்லாம் கொடுக்க வேண்டாம். முதல் சில சந்திப்புகள் பொது இடத்திலேயே இருக்கட்டும்.)

நேரில் சந்திக்க என்ன வழி? என்னைக் கேட்டால் முதலில் மேசை விளையாட்டைச் சொல்வேன். 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை. ஒருவர் கதையை நடத்துவார், மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம். திருடனாக இருப்பவர் பூட்டைத் திறக்க முயல்கிறார், 20 முகப் பகடை உருள்கிறது, 3 விழுகிறது, காவலன் விழித்துக்கொள்கிறான், எல்லோரும் திருடனைத் திட்டுகிறார்கள். கூச்சம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என்ன பேசுவது என்ற கவலையே இல்லை, கதையே பேச வைத்துவிடும். வாரம் ஒரு முறை 3, 4 மணி நேரம் நடந்தால் அந்த 50 மணி நாலு மாதத்துக்குள் நிரம்பிவிடும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாக வருபவரைச் சேர்த்துக்கொள்ளும் மேசைகள் உண்டு, கேட்டால் போதும்.

கூச்சம் அதிகம் என்றால் மௌன வாசிப்பு. சான் பிரான்சிஸ்கோவில் 2012-ல் தொடங்கிய சைலன்ட் புக் கிளப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அவரவர் புத்தகத்தோடு வந்து ஒரு மணி நேரம் சும்மா படிக்கலாம். அப்புறம் விருப்பமிருந்தால் பேச்சு. மேசைமேல் இருக்கும் அட்டையைப் பார்த்தாலே யாரிடம் போவது என்று தெரிந்துவிடும். பெரிய ரசிகர் மாநாடுகளுக்குப் பார்வையாளராகப் போனால் கூட்டத்தில் தனியாகச் சுற்றிவிட்டு வருவீர்கள். தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். 1939-லிருந்து நடக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டை இன்றும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். பதிவு மேசையில் பக்கத்து நாற்காலிக்காரரோடு கழியும் அரை நாள், பத்து அரங்குகளுக்குச் சமம்.

இதெல்லாம் எட்டவில்லை என்றால் நீங்களே ஒரு வட்டம் தொடங்குங்கள். ஆனால் என் முதல் வட்டம் போல வேண்டாம். எடுத்த எடுப்பில் 900 பக்க நாவலைத் தேர்ந்தெடுத்தேன், அதுவும் ஒரு தொடரின் முதல் பாகம். முதல் கூட்டத்துக்கு வந்த ஏழு பேரில் இருவர்தான் பாதியாவது படித்திருந்தார்கள். அந்த இருவரில், முழுத் தொடரையும் முடித்திருந்த ஒருவர், “அவன்தான் ஐந்தாம் பாகத்தில் செத்துப்போகிறானே” என்று சாவகாசமாகச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் நானும் அவரும் மட்டும்தான்.

அன்று கற்றது இது. 300 பக்கத்துக்கு மேல் போகாத, தனி நாவலாக முடிகிற ஒன்றை எடுங்கள். நாலாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் எந்தப் பக்கம் வரை என்று எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்தவர் தாண்டியதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஸ்பாய்லர் விஷயத்தில் நான் கறார். அழைப்பும் அப்படித்தான் தெளிவாக இருக்க வேண்டும். “ஃபேன்டஸி பிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டால் பத்து பேர் லைக் போடுவார்கள், அத்தோடு சரி. “இந்த நாவலை நாலு சனிக்கிழமையில் முடிக்கப்போகிறோம், முதல் வாரம் 75-ம் பக்கம் வரை, மாலை 5 மணி, நூலக வாசல், மூன்று பேருக்கு இடமுண்டு” என்று எழுதினால் இரண்டு பேர் நிஜமாகவே வருவார்கள்.

இப்போது, அந்த அரை மணி நேரப் பேச்சு. வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் ஒரே நாவலைப் படித்த மூவரும் ஒரே நாவலைப் படிப்பதில்லை. ஒருவர் முதல் பக்கத்து வரைபடத்திலேயே குடியிருப்பார். இன்னொருவருக்கு மந்திரத்தின் விதிகள் பிசகக் கூடாது. மூன்றாமவர் கதையில் வரும் காதல் ஜோடி எப்போது சேரும் என்பதற்காக மட்டுமே 600 பக்கம் தாண்டியிருப்பார். எதிரில் இருப்பவர் இவர்களில் யார் என்று தெரியாமல், அரச வம்சாவளியை ஒப்பித்தால் அவர் போனைத்தான் பார்ப்பார். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு வார்த்தைதான் பதில் வரும். “எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் வந்து மூடினாரா, கோபத்தில் மூடினாரா, முடிந்துவிடுமோ என்ற பயத்தில் மூடினாரா என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். உங்கள் அரை மணி நேரத்துக்கான முறை தானாக வரும்.

அலுவலகத்தில் கிண்டல் செய்தவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். டிராகன் வரும் தொடரை விடிய விடியப் பார்ப்பவராகவோ, வாளும் மந்திரமுமாக வீடியோ கேம் ஆடுபவராகவோ இருக்கலாம். அவர் ஃபேன்டஸிக்காரர்தான், பெயர் மட்டும் தெரியாது. அவரிடம் ஏழு பாகத் தொடரை நீட்டாமல் ஒரே ஒரு சிறுகதையைக் கொடுங்கள். படித்தாரா என்று தினமும் விசாரிக்கவும் வேண்டாம்.

முதல் சனிக்கிழமை ஒருவர் மட்டும் வந்தால் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். இருவரும் உட்கார்ந்து 75-ம் பக்கம் வரை பேசுங்கள். எழுந்திருக்கும் முன் அடுத்த தேதியைக் கேட்டு, அவர் கண்முன்னாலேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.